பாக்கெட்டுக்கு ஏற்ற சிறு கைத்துப்பாக்கி: சுத்தியல் வகைகளுக்குள் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை மறைவாக எடுத்துச் செல்லச் சட்டப்படி தகுதி பெற்ற ஒருவர், இடுப்பு பெல்ட்டில் உறை மாட்ட இடம் தராத உடையில் நாளைக் கழிப்பவராக இருந்தால், கடைசியில் கால்சட்டைப் பையில் அடங்கும் சிறிய பிஸ்டலைத்தான் தேடி வருவார். அங்கே பெரும்பாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி தோட்டாவின் அளவைப் பற்றியதாக இருக்கும்; .380 போதுமா, .32 மிகச் சிறியதா (குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் பெயர்கள் இவை), 9 மி.மீ.க்கே போய்விடலாமா என்ற விவாதம் முடிவதே இல்லை. என் கருத்தில் இந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. பையில் கிடக்கும் துப்பாக்கியைப் பொறுத்தவரை முதலில் தீர்மானிக்க வேண்டியது அதன் விசை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) எப்படிப்பட்டது, முதல் இழுப்பு எவ்வளவு நீளமானது, சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா உள்ளே மறைந்திருக்கிறதா என்பதுதான். பெல்ட் உறை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், உடலோடு இறுக்கமாக இருக்கும். பையோ உட்காரும்போதும் குனியும்போதும் வடிவம் மாறும் ஒரு துணி அறை. அதற்குள் தோட்டா ஏற்றிய பொருளொன்றை நாள் முழுவதும் வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு எடை, விலை, தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

இன்று விற்பனையாகும் சிறு பிஸ்டல்களில் ஸ்டிரைக்கர் வகையே பெரும்பான்மை. அதில் ஸ்பிரிங்கால் உந்தப்படும் ஊசி நேராக முன்னே பாய்ந்து பிரைமரை, அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டதும் தீப்பற்றும் பகுதியை, தாக்கும். சுத்தியல் வகையில் சுழன்று விழும் ஒரு சுத்தியல் ஊசியின் பின்புறத்தில் அடித்து அதை முன்னே தள்ளும். இந்த வேறுபாட்டிலிருந்து உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. சுத்தியல் இருக்கிறது என்பதாலேயே நீண்ட, பாதுகாப்பான இழுப்பு கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் சுத்தியல் வகைக்குள்ளேயே குணத்தால் முற்றிலும் வேறுபட்ட நான்கு பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் விசையே சுத்தியலை முழுத் தூரம் பின்னிழுத்து விடுவிக்கும் ‘டபுள் ஆக்‌ஷன் ஒன்லி’ ஒன்று. ஸ்லைடு (பிஸ்டலின் மேல்பாகத்தில் முன்பின் நகரும் உலோகப் பகுதி) பின்னே போகும்போது சுத்தியலைப் பாதித் தூரம் இழுத்து வைத்துவிட, மீதியை விசை முடிக்கும் கலப்பு வகை இன்னொன்று. சுத்தியல் ஏறத்தாழ முழுவதும் பின்னிழுக்கப்பட்டே இருக்க, விசை அதை விடுவிப்பது மட்டுமே செய்யும் சிங்கிள் ஆக்‌ஷன் மூன்றாவது. முதல் இழுப்பு நீளமாகவும் அடுத்தவை குறுகலாகவும் இருக்கும் பழைய டபுள்-சிங்கிள் வகை நான்காவது. பாக்கெட் என்று வரும்போது ஸ்டிரைக்கரா சுத்தியலா என்ற பிரிவைவிட இந்த நான்கில் எது என்பதே பெரிதாகிறது.

கலப்பு வகையிலிருந்து தொடங்கலாம். இன்றைய பாக்கெட் பிஸ்டல்களின் வரலாறே அங்கிருந்துதான் பிரிகிறது. ஸ்வீடனில் பிறந்த ஜார்ஜ் கெல்கிரென் புளோரிடாவில் நிறுவிய கெல்-டெக் நிறுவனம் 1999இல் பி-32 என்ற .32 ஏசிபி (ஒரு தோட்டா வகை) பிஸ்டலைக் கொண்டுவந்தது. தோட்டா இல்லாமல் அதன் எடை சுமார் 190 கிராம், தடிப்பு இரண்டு செ.மீ.க்கும் குறைவு. அதன் தனிச்சிறப்பு எடை மட்டும் அல்ல. அந்த அளவுள்ள பிஸ்டல்கள் பெரும்பாலும் ஸ்லைடின் பாரத்தையும் ஸ்பிரிங்கின் பலத்தையும் மட்டுமே நம்பி இயங்க, இதிலோ குழலும் ஸ்லைடும் சுடும் கணத்தில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பு வைக்கப்பட்டது. அதனால் ஸ்லைடை இழுப்பதும் எளிது, பின்னுதைப்பும் எதிர்பார்ப்பதைவிட மென்மை. இதையே .380க்குப் பெரிதாக்கி 2003இல் பி-3ஏடி வந்தது. அதன் வடிவமைப்பை மிக நெருக்கமாகப் பின்பற்றி ரூகர் நிறுவனம் 2008இல் எல்சிபியை வெளியிட்டது. சந்தையைத் தன் பக்கம் திருப்பியது இந்த எல்சிபிதான். எடை சுமார் 270 கிராம். மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) ஆறும் சேம்பரில் (சுடத் தயாரான தோட்டா இருக்கும் குழலின் பின்பகுதி) ஒன்றுமாக ஏழு தோட்டாக்கள்.

எல்சிபியின் விசை நீளமானது, வழவழப்பானது, ஆனால் உண்மையான டபுள் ஆக்‌ஷன் அல்ல. ஸ்லைடு அசையாமல் சுத்தியல் மறுபடி தயாராகாது. பிரைமர் வெடிக்காமல் போனால் விசையை இன்னொரு முறை இழுத்துப் பயனில்லை. இதைப் பெருங்குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெடிக்காத தோட்டாவை மறுபடி அடித்துப் பார்ப்பதைவிட ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றுவதுதான் பயிற்சியில் சொல்லித்தரப்படும் வழி. பிரைமர் விளிம்பில் அமைந்த .22 தோட்டாவில் வேண்டுமானால் இரண்டாவது அடிக்குச் சற்று மதிப்புண்டு, ஏனெனில் அந்தத் தோட்டா முதல் அடியில் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். எல்சிபியில் உண்மையாகவே குறையென்று சொல்லத்தக்கவை வேறு. குறிபார்க்கும் முனைகள் ஸ்லைடின் மேல் ஒரு மேடு என்ற அளவுக்கே இருக்கின்றன. கடைசித் தோட்டா சுடப்பட்ட பின் ஸ்லைடு பின்னால் நிற்காது. .380 தோட்டாவின் உதைப்பு அந்த மெலிந்த பிடியில் உள்ளங்கையைச் சுளீரென்று தாக்குவதால், வாங்கியவர்களில் பலர் ஒரு மேகசினுக்கு மேல் பயிற்சி செய்ய விரும்புவதில்லை. இந்தக் கடைசிக் காரணம் சிறிதாகத் தெரிந்தாலும் விளைவு பெரிது. பயிற்சி செய்யப் பிடிக்காத துப்பாக்கியைப் பையில் சுமப்பவர், தனக்குத் தெரியாத ஒரு கருவியைத்தான் சுமக்கிறார்.

கீழே விழுந்தால் சுடுமா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது, ஏனெனில் பையிலிருந்து பொருள் நழுவி விழுவது அன்றாட நிகழ்வு. எல்சிபி வெளிவந்த அதே 2008ஆம் ஆண்டிலேயே, சேம்பரில் தோட்டாவோடு விழுந்தால் சுடக்கூடும் என்று கூறி ரூகர் தொடக்ககாலப் பிஸ்டல்களைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தது. பழைய எல்சிபியை இரண்டாம் கையாக வாங்குபவர் வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

2016இல் வந்த எல்சிபி II பெயரில் தொடர்ச்சி. குணத்தில் வேறு பிரிவு. சுத்தியல் ஏறத்தாழ முழுவதும் பின்னிழுக்கப்பட்டே இருக்கும். விசையின் நடுவில் ஒரு சிறு பாதுகாப்பு நாக்கு இருக்கும். இழுப்பு குறுகியது, தெளிவானது. சுட்டுப் பார்ப்பவர் யாரும் பழையதைவிட இதில்தான் குறியைத் துல்லியமாகப் பிடிப்பார்கள். கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடும் நிற்கும். 2021இல் வந்த எல்சிபி மேக்ஸ் இதே விசையோடு மேகசினில் பத்துத் தோட்டாக்களையும், கண்ணுக்குத் தெரியும் உண்மையான குறிமுனைகளையும் சேர்த்தது. எடை அப்போதும் 300 கிராம் அளவிலேயே நின்றது. காகிதத்தில் பார்த்தால் போட்டி இங்கேயே முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் குறுகிய விசை குறிபார்ப்பவருக்கு எவ்வளவு உதவுகிறதோ, அதே அளவு பையின் துணி மடிப்புக்கும் உதவக்கூடும் என்பதை மறக்க முடியாது. விசையின் நடுவிலுள்ள நாக்கு பக்கவாட்டில் உரசும் பொருளைத் தடுக்கும். நேராக அழுத்தும் பொருளைத் தடுக்காது. ஆகவே இவ்விரண்டும் விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுவதும் மூடும் உறையோடு மட்டுமே பையில் இருக்கத் தக்கவை. ரூகரும் இவற்றோடு ஒரு பாக்கெட் உறையைச் சேர்த்தே கொடுக்கிறது. அந்த உறையை மேசையறையில் போட்டுவிட்டுப் பிஸ்டலை மட்டும் பையில் போடும் பழக்கமுள்ளவருக்கு எல்சிபி மேக்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொல்லப்போனால் அவருக்கு எதையுமே பரிந்துரைக்க மாட்டேன்.

சிங்கிள் ஆக்‌ஷனை அதன் தூய வடிவில் பார்க்க விரும்புபவர்கள் சிக் சாவர் பி238க்குத்தான் போக வேண்டும். கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1980களின் மஸ்டாங் பிஸ்டலைப் பின்பற்றி 2009இல் வந்த இந்த .380 பிஸ்டல், 1911 வகையை (அமெரிக்கப் படையின் பழைய பெரிய பிஸ்டல்) கைக்குள் அடங்கச் சுருக்கியது போல இருக்கும். எடை சுமார் 430 கிராம். அந்த எடையும் பூட்டிக்கொள்ளும் குழலும் சேர்ந்து உதைப்பை மிக மென்மையாக்குகின்றன. விசை இலேசு, குறிமுனைகள் பெரியவை, ஸ்லைடை இழுக்க விரலில் பெரிய பலம் தேவையில்லை. சேஃப்டி (சுடவிடாமல் தடுக்கும் சிறு நெம்பி) போட்ட நிலையிலேயே ஸ்லைடை இழுக்கலாம் என்பது 1911இல் இல்லாத வசதி. தோட்டாவை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அது பெரிய ஆறுதல். இத்தனையும் சொல்லிவிட்டு, இது பாக்கெட்டுக்கு ஏற்றதல்ல என்றுதான் நான் முடிவுக்கு வருகிறேன். சுத்தியலை முழுவதும் பின்னிழுத்து, கட்டைவிரல் சேஃப்டியைப் போட்டு வைத்திருப்பதே இதன் இயல்பான சுமக்கும் நிலை. பெல்ட் உறையில் அந்த நிலை நூறாண்டுக்கும் மேலாகச் சோதிக்கப்பட்டது. பையிலோ அந்தச் சேஃப்டி துணியோடு உரசிக்கொண்டே இருக்கிறது. அது கீழிறங்கியிருக்கிறதா என்பதைப் பையின் உள்ளே பார்க்க வழியில்லை. வெளியே நிற்கும் சுத்தியலைச் சுற்றி நூலும் தூசும் சேர்வதற்கு இடமுண்டு. எடுக்கும்போது சேஃப்டியை இறக்க மறந்தால் துப்பாக்கி இயங்காது. எடுப்பதற்கு முன்பே அது இறங்கியிருந்தால் இலேசான விசை காவலின்றி இருக்கிறது. சுத்தியலைப் படுக்க வைத்துச் சுமக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: தோட்டா உள்ளே இருக்கையில், சேஃப்டியை எடுத்து விசையை அழுத்திக்கொண்டே கட்டைவிரலால் சுத்தியலை மெல்ல இறக்குவது தினமும் செய்யத்தக்க காரியம் அல்ல. பி238 வேண்டுமென்றால் பெல்ட்டில் அணியுங்கள். அங்கே அதற்கு நிகரான.380கள் குறைவு.

பழைய டபுள்-சிங்கிள் வகையில் எல்லோருக்கும் நினைவில் வரும் பெயர் 1931ஆம் ஆண்டின் வால்தர் பிபிகே. அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால் எஃகால் ஆன அது 600 கிராமைத் தொடும், ஸ்லைடை இழுக்கப் பலம் வேண்டும், பெரிய கை உடையவர்களின் கட்டைவிரல் இடுக்கைப் பின்வரும் ஸ்லைடு கடிக்கும். நல்ல பாக்கெட் பிஸ்டல் என்ற புகழை அது பெற்ற காலத்தில் ஆண்களின் கோட்டுகளும் கனமாக இருந்தன.

அதே பிரிவில் பெரெட்டாவின் டாம்கேட் முற்றிலும் வேறு காரணத்துக்காகக் கவனிக்க வேண்டியது. .32 ஏசிபியில் வரும் இதற்கும், .22இலும் .25இலும் வந்த அதன் சிறிய உறவான 21ஏ பாப்கேட்டுக்கும், ஒரு நெம்பியைத் தள்ளினால் குழலின் பின்பகுதி மேலே எழும்பி நிற்கும் அமைப்பு உண்டு. சேம்பரில் தோட்டாவை விரலாலேயே வைத்துக் குழலை அழுத்தி மூடிவிடலாம். ஸ்லைடைத் தொடவே வேண்டியதில்லை. மூட்டுவாதத்தாலோ முதுமையாலோ கைவலிமை குறைந்தவர்களுக்கு இதைவிட உதவும் அமைப்பு சிறு பிஸ்டல்களில் எனக்குத் தெரிந்து வேறில்லை. இன்னொரு நுட்பமும் இதில் அடங்கியிருக்கிறது. இந்தப் பிஸ்டல்களின் சேஃப்டி சுத்தியலை இறக்கித் தராது. ஆனால் குழலைத் தூக்கி சேம்பர் காலியாக இருக்கும்போதே சுத்தியலை இறக்கிவிட்டு, பிறகு தோட்டாவை வைத்து மூடினால், உயிருள்ள தோட்டாவின் மேல் சுத்தியலை இறக்கும் ஆபத்தே எழுவதில்லை. அப்படித் தயாரானதும் முதல் விசை நீளமாகவும் கனமாகவும் இருக்கும், வேண்டுமானால் சேஃப்டியும் போடலாம். பாக்கெட் கேட்கும் குணங்கள் பெரும்பாலும் இவைதாம்.

விலையாகக் கொடுப்பது என்ன? டாம்கேட் சுமார் 410 கிராம்; .32க்கு இது அதிகம், தடிப்பும் கூடுதல். இவற்றில் வெற்றுத் தோட்டாக்கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கி இல்லை. வெடிக்கும் வாயுவின் அழுத்தமே கூட்டைப் பின்னே தள்ளுகிறது. ஆகவே தோட்டா வெடிக்காமல் நின்றால், ஸ்லைடை இழுத்து அதை வெளியேற்ற முடியாது; குழலைத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது அடிக்கு வழிசெய்யும் டபுள் ஆக்‌ஷன் இங்கே அலங்காரம் அல்ல, தேவை. அதோடு டாம்கேட் மிகுந்த ஆற்றலுள்ள .32 தோட்டாக்களுக்கு ஏற்றதல்ல. கையேட்டில் நிறுவனம் குறிப்பிடும் வரம்பை மதிக்காமல் சுடுபவர்களின் பிஸ்டல்களில் உடற்சட்டகத்தில் விரிசல் விழுந்ததுண்டு.

மிஞ்சியிருப்பது டபுள் ஆக்‌ஷன் ஒன்லி. எனக்கு மிகவும் உகந்த பிரிவு இதுதான், ஆனால் இதில்தான் கடைகளில் தேர்வு குறைந்துகொண்டே வருகிறது. லுட்விக் சீகேம்ப் வடிவமைத்த எல்டபிள்யூஎஸ் 32, முழுவதும் எஃகால் ஆனாலும் சுமார் 325 கிராமுக்குள் அடங்கும் ஒரு கைவினைப் பொருள் போன்றது. அதில் குறிமுனை என்பதே கிடையாது. கைக்கெட்டும் தூரத்துக்கு அது வேண்டாம் என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். எந்தத் தோட்டா பொருந்தும் என்பதிலும் அது கண்டிப்பானது. சமூக நிலைக்கேற்ற ஆடையின் பையில் தடமே தெரியாமல் இருக்க வேண்டியவர்களுக்கு அது இன்றும் மதிப்புள்ளது. தொலைவில் உள்ள இலக்கில் பயிற்சி செய்து மகிழ நினைப்பவர்களுக்கு அல்ல.

ஸ்மித் அண்ட் வெஸன் 2010இல் கொண்டுவந்த முதல் தலைமுறை பாடிகார்டு 380 இந்தப் பிரிவின் நடைமுறைத் தேர்வு. சுத்தியல் உள்ளே மறைந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்பும் நீளமானது, கனமானது. வெடிக்காத தோட்டாவை மீண்டும் அடிக்கலாம். குறிமுனைகள் பார்க்கத்தக்க அளவில் உள்ளன. கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு நிற்கும். 340 கிராம் அளவிலான எடை பையை இழுக்காது. விசை மிக நீளம் என்ற முறையீடு நியாயமானதே, சிறு விரல்களுக்கு அது கடினமும் கூட. ஆனால் மனிதர் மறந்தாலும் வேலை செய்யும் பாதுகாப்பு அந்த நீளத்தில்தான் இருக்கிறது. கட்டைவிரல் சேஃப்டி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வடிவங்கள் உண்டு. இத்தனை நீளமான விசைக்கு மேல் சேஃப்டி வேண்டுமா என்பது அவரவர் பயிற்சியைப் பொறுத்தது. போடுவேன் என்று முடிவு செய்தவர் ஒவ்வொரு முறையும் போட வேண்டும், போடேன் என்பவர் அதைத் தொடவே கூடாது.

இந்த இடத்தில் ரிவால்வர்க்காரர்கள் குறுக்கிடுவது நியாயம். சுத்தியலை முழுவதும் உள்ளே மறைத்த ஸ்மித் அண்ட் வெஸன் 642, .38 ஸ்பெஷல் தோட்டாக்கள் ஐந்தைக் கொண்டு, டாம்கேட்டின் எடையிலேயே இருக்கிறது. பையில் நூலும் தூசும் அதைச் சிறு பிஸ்டல்களின் அளவுக்குத் தொல்லை செய்யாது. ஆனால் சுழலும் உருளையின் தடிப்பு மூன்று செ.மீ.ஐத் தாண்டுவதால், ஒட்டிய கால்சட்டையில் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும்.

வெளியே தெரியும் சுத்தியலுக்குச் சார்பாகச் சொல்லப்படும் ஒரு வாதத்தையும் எடைபோட வேண்டும். உறைக்குள் செருகும்போது கட்டைவிரலைச் சுத்தியலின் மேல் வைத்திருந்தால், விசையில் எதாவது சிக்கி இழுபட்டால் சுத்தியல் எழும்புவதை விரல் உணர்ந்துவிடும் என்பார்கள். டபுள் ஆக்‌ஷனில் இது உண்மை, பெல்ட் உறையில் மிகப் பெரிய நன்மை. பாக்கெட்டில் முறையே வேறு: பிஸ்டலை வெளியிலேயே உறைக்குள் வைத்து, உறையும் பிஸ்டலும் ஒன்றாகப் பைக்குள் போக வேண்டும், எடுத்து வைக்கும்போதும் அப்படியே ஒன்றாக வெளியே வர வேண்டும். கண்ணால் பார்த்துக்கொண்டே, அவசரமின்றிச் செருகும் வேலைக்கு அந்த நன்மை பாதியாகிவிடுகிறது. துணியில் சிக்கும் தொல்லையோ முழுதாக நிற்கிறது. சாவி, நாணயம், கைக்குட்டை எதுவும் அந்தப் பைக்குள் போகக் கூடாது என்பது இதன் தொடர்ச்சியே.

இப்போது தோட்டாவுக்கு வரலாம். .32 ஏசிபி, .380 ஏசிபி இரண்டுமே ஜான் பிரவுனிங்கின் படைப்புகள். முதலாவது 1899, இரண்டாவது 1908. அமெரிக்கக் காவல் துறைகளின் தோட்டாத் தேர்வில் அளவுகோலாக உள்ள எஃப்பிஐ சோதனை, உடல் திசுவுக்கு மாற்றாக வைக்கப்படும் ஜெல்லில் சுமார் 30 முதல் 46 செ.மீ. ஆழத்தைக் கேட்கிறது. ஏழு செ.மீ. குழலிலிருந்து புறப்படும் .380இன் விரியும் முனைக் குண்டுகள் விரிந்தால் அந்த ஆழத்தை எட்டாமல் நிற்பதும், எட்டினால் விரியாமல் போவதும் வழக்கம். .32இல் இன்னொரு சிக்கலும் சேரும்: அதன் அடிவிளிம்பு சற்று வெளியே நீட்டியிருப்பதால், நீளம் குறைந்த விரியும் முனைத் தோட்டாக்கள் மேகசினுக்குள் முன்பின் நகர்ந்து, ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொள்ளும். பி-32 வைத்திருப்பவர்கள் பலர் முழு உலோக உறையிட்ட குண்டுகளையே நாடுவது இதனால்தான். மொத்தத்தில் .380 ஒரு படி மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு படிக்காகப் பயிற்சியை வெறுக்க வைக்கும் உதைப்பை ஏற்பதா என்பது ஒவ்வொரு கையும் தானே சொல்ல வேண்டிய பதில். 9 மி.மீ.க்குப் போகும் சிக் பி938 போன்றவை பி238இன் அதே சேஃப்டிச் சிக்கலோடு கூடுதல் உதைப்பையும் தருகின்றன. பையைப் பொறுத்தவரை அங்கே இலாபம் எதையும் நான் காணவில்லை.

ஆக, பையில் மட்டுமே சுமப்பேன், பயிற்சிக்கு மாதமொரு முறையாவது போவேன் என்பவருக்கு நான் முதலில் காட்டுவது பாடிகார்டு 380இன் முதல் தலைமுறையை. அதன் விசை விரலுக்கு எட்டவில்லை என்றால் முதல் எல்சிபி. உறை விஷயத்தில் ஒருநாளும் தளராதவருக்கு எல்சிபி மேக்ஸ் இவை இரண்டையும்விடச் சிறந்த சுடுகருவி என்பதை ஒப்புக்கொள்கிறேன். .380இன் உதைப்பைத் தாங்க முடியாதவருக்கு பி-32, ஸ்லைடையே இழுக்க முடியாதவருக்கு டாம்கேட்.

கடையில் கையிலெடுத்துப் பார்க்கும்போது, விற்பனையாளர் சேம்பர் காலி என்று காட்டிய பின்னும் தானே ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு, விசையைப் பத்து முறை (எல்சிபி போன்றவற்றில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடை இழுத்துவிட்டு) இழுத்துப் பாருங்கள். பத்தாவது முறையும் குழலின் முனை அசையாமல் இருக்கிறதா என்பது முதல் இழுப்பைவிட அதிகம் சொல்லும். அணியப் போகும் அதே கால்சட்டையில் போயிருந்தால், காலிப் பிஸ்டலை உறையோடு பையில் வைத்து உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம். பையின் வாய் குறுகலாக இருந்து, பிடியைச் சுற்றிய கை வெளியே வர மறுத்தால், மாற்ற வேண்டியது கால்சட்டையாகவும் இருக்கலாம். வாங்கிய பின் ஸ்பிரிங்குகளை நிறுவனம் சொல்லும் இடைவெளியில் மாற்றுவதும், சில வாரங்களுக்கு ஒருமுறை பையின் நூல்தூசைக் குழலிலிருந்தும் சுத்தியலின் பாதையிலிருந்தும் துடைத்தெடுப்பதும், வீட்டில் பையைவிட்டு வெளியே வந்த கணமே அது பூட்டிய பெட்டிக்குள் போவதும் எந்த மாடலுக்கும் பொதுவானவை. சுமக்கும் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் தனி உரிமம் தேவையில்லை என்றாலும், எல்லையைத் தாண்டிய அடுத்த மாநிலத்தில் அதே பாக்கெட் பிஸ்டல் குற்ற வழக்காகலாம் என்பதால், பயணத்துக்கு முன் அந்த மாநிலத்தின் விதியை அதன் அரசு இணையதளத்திலேயே படித்துவிட வேண்டும்.